நடத்தையும் சூழலும்: பிரயோக நடத்தைப் பகுப்பாய்வின் அடிப்படைகள் – கண்டிச் சூழலை முன்னிறுத்திய ஒரு நோக்கு

மனிதர் ஒருவரின் செயலுக்குக் காரணம் கூறப் புகும்போது நாம் பெரும்பாலும் அவரது குணத்தையே சுட்டுகின்றோம். பாடம் படிக்காத மாணவன் சோம்பேறி. அழுது அடம்பிடிக்கும் பிள்ளை பிடிவாதக்காரன். வேலைக்கு வராத தொழிலாளி பொறுப்பற்றவர். இக்கூற்றுகள் விளக்கம்போலத் தோன்றினும் விளக்கமாக அமைவதில்லை. அவன் ஏன் படிக்கவில்லை? சோம்பேறியாதலால். சோம்பேறி என்பது எவ்வாறு தெரியும்? படிக்காமையால். வினாவும் விடையும் ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. பெயர் சூட்டியதும் ஆராய்ச்சி நின்றுவிடுகின்றது. பழி மட்டும் அம்மனிதரோடு நிலைத்துவிடுகின்றது.

இவ்வட்டத்தை உடைக்க முயன்ற அறிவுத்துறையே பிரயோக நடத்தைப் பகுப்பாய்வு என்பதாகும். ஒரு செயல் நிகழ்வதற்கு முன்னர் சூழலில் இருந்தது யாது, அச்செயலின் பின்னர் சூழலில் மாறியது யாது என்னும் இரு வினாக்களை அது எழுப்புகின்றது. விடையை ஊகத்தாலன்றி எண்ணிக்கையாலும் பரிசோதனையாலும் காண முயல்கின்றது. அத்துறையின் அடிப்படைக் கருத்துகளையும் முறைகளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எடுத்துக்காட்டுகளை இயன்றவரை கண்டி நகரிலும் அதைச் சூழ்ந்த மலைப்பகுதியிலுமிருந்து தெரிந்துகொண்டுள்ளோம். ஆய்வுகூடத்தில் எலியையும் புறாவையும் கொண்டு நிறுவப்பட்ட விதிகள் விகாரையிலும் தேயிலை மலையிலும் தொழிற்படுவதைக் காணுமிடத்து, அவ்விதிகளின் ஆற்றலும் அவற்றைக் கையாள்வோருக்குரிய பொறுப்பும் ஒருங்கே புலப்படும்.

துறையின் தோற்றம்

விளைவே செயலை ஆள்கின்றது என்னும் கருத்துக்கு முதலில் பரிசோதனை வடிவம் கொடுத்தவர் அமெரிக்க உளவியலாளர் தோண்டைக் ஆவார். பெட்டிக்குள் அடைக்கப்பட்ட பூனைகள் கதவைத் திறக்கக் கற்ற விதத்தை ஆராய்ந்து 1898 இல் அவர் வெளியிட்ட ஆய்வு, திருப்தி தரும் விளைவையுடைய செயல் வலுப்பெறும் என்ற விதிக்கு வழிவகுத்தது. இதனை விரிவான அறிவியலாக வளர்த்தவர் ஸ்கின்னர். 1938 இல் வெளிவந்த உயிரிகளின் நடத்தை பற்றிய அவரது நூலும், 1953 இல் வெளிவந்த அறிவியலும் மனித நடத்தையும் பற்றிய நூலும் இத்துறையின் அடித்தளங்களாகும்.

ஆய்வுகூடத்தைவிட்டு வெளியே வந்த முன்னோடி முயற்சிகளுள் ஒன்று 1959 இல் வெளியானது. கனடாவின் ஓர் உளநோய் வைத்தியசாலையில் அயிலோன், மைக்கேல் என்னும் இருவர் தாதியரைக்கொண்டே அதனை நடத்தினர். ஒரு நோயாளி தாதியர் அறைக்குள் ஓயாது நுழைந்து அவர்களது வேலையைக் குழப்பி வந்தார். எண்ணிப் பார்த்தபோது நாளொன்றுக்குச் சராசரி 16 தடவை அவர் நுழைவது தெரிந்தது. அவரைக் கையைப் பிடித்து வெளியே அழைத்துச் செல்லலும் கண்டித்தலுமே அதுவரை நடந்தவை. அக்கவனிப்பு நிறுத்தப்பட்டது. சில வாரங்களில் நுழைவு நாளொன்றுக்கு 2 தடவையாகக் குறைந்தது. தடுப்பதற்கென்று செய்யப்பட்டதே அந்நடத்தையை வளர்த்து வந்தது என்பதே இம்முயற்சி தந்த பாடம்.

1968 இல் இத்துறைக்கென ஓர் ஆய்விதழ் தோன்றியது. அதன் முதலாவது தொகுதியில் பெயர், வுல்வ், றிஸ்லி ஆகிய மூவர் எழுதிய கட்டுரை துறையின் ஏழு இலக்கணங்களை வகுத்தது. எடுத்துக்கொண்ட பிரச்சினை சமூகத்துக்கு முக்கியமானதாக இருத்தல். சொல்லையன்றிச் செயலையே அளத்தல். மாற்றத்துக்குக் காரணம் நம் தலையீடே என்பதைக் காட்டுதல். பிறரும் செய்யத்தக்க வகையில் முறையைத் தெளிவாக எழுதுதல். அம்முறையை அடிப்படைத் தத்துவங்களோடு இணைத்தல். வாழ்க்கையில் பயன்தரும் அளவுக்கு மாற்றம் பெரிதாக இருத்தல். பிற இடங்களுக்கும் பிற்காலத்துக்கும் அம்மாற்றம் நீடித்தல் என்பன அவை. இவ்வேழில் ஒன்று குறையினும் அது வேறு பணியாகலாம். பிரயோக நடத்தைப் பகுப்பாய்வு எனப்படாது.

அடிப்படைத் தத்துவங்கள்

முன்னிகழ்வு, நடத்தை, விளைவு என்னும் மூன்றன் தொடர்பே பகுப்பாய்வின் அலகு. ஒரு நடத்தையின் பின் வரும் விளைவு அந்நடத்தையை எதிர்காலத்தில் அதிகரிக்கச் செய்யுமாயின் அது மீளவலியுறுத்தல் எனப்படும். தமிழகத்து நூல்கள் இதனை வலுவூட்டல் என வழங்கும். ஒன்றைக் கொடுப்பதால் நடத்தை வளருமாயின் அது நேர் மீளவலியுறுத்தல். துன்பமான ஒன்றை நீக்குவதால் வளருமாயின் அது எதிர் மீளவலியுறுத்தல். எதிர் மீளவலியுறுத்தல் தண்டனையன்று என்பதை ஈண்டு வற்புறுத்தல் வேண்டும். நடத்தையைக் குறைக்கும் விளைவே தண்டனை.

கண்டியில் இவற்றைக் காணத் தலதா மாளிகையின் பின்னே உயர்ந்து நிற்கும் உடவத்தைக்கெலே வனத்துக்குச் சென்றாலே போதும். வனத்துக் குரங்கொன்று வழிப்போக்கரின் பையை நோக்கிப் பாய்கின்றது. அவர் வாழைப்பழத்தை எறிகின்றார். குரங்கு விலகிச் செல்கின்றது. பாய்ந்ததற்குப் பழம் கிடைத்தமை குரங்குக்கு நேர் மீளவலியுறுத்தல். பழத்தை எறிந்ததும் அச்சம் நீங்கியமை மனிதருக்கு எதிர் மீளவலியுறுத்தல். குரங்கு பாய்வதையும் மனிதர் எறிவதையும் ஒரே நிகழ்ச்சி ஒருங்கே வலுப்படுத்துகின்றது. கடைவீதியில் இனிப்புக் கேட்டுப் புரண்டு அழும் பிள்ளைக்கும், அழுகையை நிறுத்த அதனை வாங்கிக் கொடுக்கும் தாய்க்கும் இடையே நிகழ்வதும் இதுவே. இருவரில் எவரையும் குற்றவாளியாக்காமல் இருவரது நடத்தையையும் விளக்குவது இப்பகுப்பாய்வின் சிறப்பு.

வழிப்போக்கர் அனைவரும் பழம் கொடுப்பதில்லை. எப்போதாவது ஒருவரே கொடுக்கின்றார். அவ்வாறாயினும் குரங்கு சோர்வதில்லை. ஒவ்வொரு முறையும் பலன்பெற்ற நடத்தையைவிட, இடைக்கிடையே பலன்பெற்ற நடத்தையே பலன் நின்ற பின்னரும் நீண்டகாலம் நீடிக்கும். இது ஸ்கின்னரின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டிய உண்மை. "இன்றைக்கு மட்டும்" என்று விட்டுக்கொடுக்கும் பெற்றோர், தம்மை அறியாமலே பிள்ளையின் அடத்தை உறுதியாக்குவது இதனாலேயே.

பலனை முற்றாக நிறுத்தினால் நடத்தை மெல்ல அழிவுறும். ஆயினும் ஓய்வதற்கு முன் அது ஒரு முறை பொங்கும். பழம் நின்ற நாள்களில் குரங்கு முன்னிலும் மூர்க்கமாகப் பாயும். பிள்ளை முன்னிலும் உரத்து அழும். இதனை முன்கூட்டி அறியாதவர் முறை தோற்றுவிட்டதாக எண்ணி அந்நேரத்தில் விட்டுக்கொடுப்பர். அதன் பயனாக உரத்த அழுகையே பலன்பெற்ற அழுகையாகிவிடும்.

தண்டனை பற்றி இங்கு ஒரு சொல். அடியாத மாடு படியாது என்பது நம்மவர் பழமொழி. தண்டனை நடத்தையை உடனடியாக அடக்கும் என்பதை இத்துறை மறுப்பதில்லை. எனினும் தண்டனை எதனைச் செய்யலாகாது என்று மட்டுமே கற்பிக்கும். எதனைச் செய்யலாம் என்று கற்பிக்காது. தண்டிப்பவர் இல்லாத இடத்தில் பழைய நடத்தை மீளும். தண்டிக்கப்பட்டவர் தண்டித்தவரையும் அவ்விடத்தையும் வெறுத்து ஒதுங்கக் கற்பார். அடித்ததும் வகுப்பு அமைதியாவதால் அடிக்கும் ஆசிரியரின் கையும் வலுவூட்டப்படுகின்றது. பிரம்பு எளிதில் கைவிடப்படாமைக்கு இதுவும் ஒரு காரணம். இலங்கைக் கல்வி அமைச்சு 2005 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கை மூலம் பாடசாலைகளில் உடற்றண்டனையைத் தடைசெய்தது. 2016 இல் 12 ஆம் இலக்கச் சுற்றறிக்கை தொடர்ந்தது. பிரம்பை விலக்கிய ஆசிரியருக்கு அதனிடத்தில் வேறொரு வழி கற்பிக்கப்படாவிடின் சுற்றறிக்கை தாளளவிலேயே நின்றுவிடும். அந்த வேறு வழியை வழங்குவதே இத்துறையின் பணி.

முறைகள்

முதற்படி, மாற்றவேண்டிய நடத்தையைக் காணத்தக்கதாகவும் எண்ணத்தக்கதாகவும் வரையறுத்தல். "குழப்படி" என்பது வரையறையாகாது. "பாடவேளையில் அனுமதியின்றி இருக்கையைவிட்டு எழுதல்" என்பது வரையறை. இருவர் தனித்தனியே எண்ணினும் ஏறத்தாழ ஒரே எண் வருமாயின் வரையறை நன்று எனக் கொள்ளலாம்.

இரண்டாவது, எதனையும் மாற்றுவதற்கு முன் சில நாள்கள் எண்ணி அடிநிலையைப் பதிதல். அடிநிலை இன்றி முன்னேற்றம் என்பது வெறும் எண்ணமே. சில வேளைகளில் எண்ணத் தொடங்கியதுமே பிரச்சினை நாம் நினைத்ததைவிடச் சிறிது என்பது தெரியவரும்.

மூன்றாவது, நடத்தையின் பயன் யாது எனக் காணல். 1982 இல் இவாட்டாவும் உடனாய்வாளரும் தம்மைத் தாமே தாக்கிக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் திருப்புமுனையாகும். பிள்ளைகளை வெவ்வேறு நிலைமைகளில் அவர்கள் வைத்து நோக்கினர். தாக்கிக்கொண்டதும் கவனிப்புக் கிடைக்கும் நிலை, தாக்கிக்கொண்டதும் கடினமான வேலை நிறுத்தப்படும் நிலை, தனிமை, விளையாட்டு என்பன அவை. ஒரு பிள்ளை கவனிப்புக்காகவும், மற்றொன்று வேலையிலிருந்து விடுபடுவதற்காகவும், வேறொன்று அச்செயல் தரும் உணர்வுக்காகவும் அதனைச் செய்வது தெரிந்தது. தோற்றத்தில் ஒன்றான நடத்தை பயனில் வேறுபடும். ஆகவே ஒரே மருந்து அனைவருக்கும் பொருந்தாது. வேலையிலிருந்து விடுபட அலறும் பிள்ளையை மூலையில் இருத்தினால், அது தேடியதையே நாம் கொடுத்தவராவோம்.

நான்காவது, புதிய நடத்தையைக் கற்பித்தல். பிள்ளை இப்போது செய்யக்கூடியதிலிருந்து தொடங்கி, இலக்கை நோக்கிய ஒவ்வொரு சிறு நெருங்குதலையும் பாராட்டிப் படிப்படியாக வடிவமைக்கலாம். கை கழுவுதல் போன்ற நீண்ட செயலைச் சிறு செயல்களாகப் பிரித்துக் கோவைப்படுத்தலாம். தொடக்கத்தில் கைபிடித்தோ சுட்டிக்காட்டியோ துணைசெய்து, பின்னர் அத்துணையை மெல்ல விலக்கலாம். அலறலுக்குப் பதிலாக "வேண்டாம்" என்னும் சொல்லையோ சைகையையோ கற்பித்து, அதற்கே பலன் கிடைக்கச் செய்யலாம்.

ஐந்தாவது, பரவலாக்கம். ஓர் அறையில் ஒருவர் முன்னிலையில் கற்றது பிற இடங்களுக்குத் தானாகப் பரவாது. பரவும்படி திட்டமிடல் வேண்டும். எம் பிரதேசத்தில் இதற்கு மொழியென்னும் பரிமாணமும் உண்டு. நகரத்துச் சிகிச்சையறையில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கேட்ட ஏவலுக்குத் துலங்கக் கற்ற தமிழ்ப் பிள்ளை, தோட்டத்து லயத்தில் பாட்டி தமிழில் அழைக்கும்போது துலங்காதிருக்கலாம். அது பிள்ளையின் குறையன்று. கற்பித்த திட்டத்தின் குறை. வீட்டுமொழியில் வீட்டார் வாயிலாகக் கற்பித்தலே இதற்கு ஏற்ற வழி.

கோசல மன்னனின் உணவு

இம்முறைகள் இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்புகளாயினும் இவற்றை ஒத்த நடைமுறைகள் தொன்மையான ஆசிய இலக்கியத்திலும் காணப்படுகின்றன. இதனை உலகறியச் செய்தவர் ஓர் இலங்கையர். இலண்டன் உளமருத்துவ நிறுவகத்தில் பணியாற்றிய மருத்துவ உளவியலாளர் பத்மால் டி சில்வா, பௌத்தமும் நடத்தை மாற்றமும் என்னும் பொருள் பற்றி 1984 இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். அடுத்த ஆண்டில், வேண்டாத எண்ணங்களைக் கட்டுப்படுத்தும் ஆதிபௌத்த முறைகளைத் தற்கால முறைகளோடு ஒப்பிட்டு எழுதினார். அவர் ஆராய்ந்த நூல்களுள் ஒன்று விதக்கசந்தான சுத்தம். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கண்டியிலிருந்து இயங்கும் பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கம் 1960 இல் சோம தேரரின் பெயரில் சிறு நூலாக வெளியிட்டிருந்தது. உடவத்தைக்கெலே வனத்து ஆச்சிரமத்தில் வாழ்ந்து 1994 இல் மறைந்த ஜெர்மானியத் துறவி ஞானபோனிக்க தேரர், 1958 இல் அச்சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவர்.

டி சில்வா எடுத்துக்காட்டும் கதைகளுள் கோசல நாட்டுப் பசேனதி மன்னனின் கதை எம் நோக்கத்துக்கு மிகவும் பொருந்துவதாகும். மன்னன் பெருந்தீனிக்காரன். உண்ட களைப்பில் மூச்சிரைக்கப் புத்தரிடம் வந்தான். அளவறிந்து உண்பவனின் உடல்நலம் பற்றிப் புத்தர் ஒரு செய்யுள் கூறினார். மன்னன் தன் பின்னே நின்ற சுதஸ்ஸனன் என்னும் இளைஞனை அச்செய்யுளைக் கற்று உணவுவேளைதோறும் தன்முன் ஓதுமாறு பணித்தான். அதற்கு நாள்தோறும் நூறு கஹாபணம் கொடுப்பதாகவும் உறுதியளித்தான். நாளடைவில் அவனது உணவு சிறு அளவாகக் குறைந்தது; உடல் மெலிந்து நலம் பெற்றது.

இக்கதைக்கு எழுந்த உரை மேலும் நுட்பமானது. செய்யுளை உணவின் தொடக்கத்தில் ஓதலாகாது. இறுதிக் கவளத்தை எடுக்கும் வேளையிலேயே ஓதவேண்டும். அதனைக் கேட்டு மன்னன் விட்ட கவளத்தின் சோற்றுப் பருக்கைகளை எண்ணி, அந்த அளவை அடுத்த நாள் சமையலில் குறைக்கவேண்டும்.

பகுப்பாய்வாளர் ஒருவரின் கண்ணோடு இதனை நோக்குவோமாயின் துறையின் கூறுகள் பலவும் இங்குப் புலப்படும். நடத்தை அளக்கத்தக்கது, அளவை பருக்கைக் கணக்கில் நடக்கின்றது. செய்யுள், உரிய வேளையில் தரப்படும் முன்னிகழ்வு. குறைப்பு ஒரே பாய்ச்சலாக அமையாமல் ஒவ்வொரு கவளமாக நிகழ்கின்றது. நாளை குறைக்கவேண்டிய அளவை இன்றைய நடத்தையே தீர்மானிக்கின்றது. துணைசெய்யும் இளைஞனின் நடத்தைக்கும் நாள்தோறும் பலன் உண்டு. எங்கும் ஏச்சோ தண்டனையோ இல்லை.

டி சில்வா குறிப்பிடும் மற்றொரு கதை அனாதபிண்டிகனின் மகன் காளனைப் பற்றியது. விகாரைக்குச் செல்ல விரும்பாத மகனுக்குத் தந்தை நூறு பணம் தருவதாகக் கூறினான். மகன் சென்றான், அங்கே உறங்கிவிட்டுத் திரும்பினான். தந்தை அதனைப் பழிக்கவில்லை. அடுத்ததாகப் புத்தரிடம் ஒரு செய்யுளைக் கற்றுவந்தால் ஆயிரம் பணம் என்றான். கற்கும்பொருட்டுச் செவிசாய்த்த மகன் பொருளில் தோய்ந்தான். மறுநாள் பணத்தைத் தந்தை நீட்டியபோது அதனை ஏற்க மறுத்தான். செயற்கையான பலனிலிருந்து செயலில் இயல்பாக உள்ள பலனுக்கு நடத்தை கைமாறுதல் என இன்று நாம் கூறுவது இதுவே. பரிசு கொடுத்துப் பழக்குவது லஞ்சமாகாதா என்று வினவுவோருக்கு இக்கதை தக்க விடை. பரிசு படிக்கட்டு, ஏறியபின் அதில் நிற்பதில்லை.

கொழுந்து மலையில்

விகாரையில் கண்ட இதே விதிகள் மலையகத்தின் அன்றாட வாழ்விலும் தொழிற்படுகின்றன. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் கண்டிக்குத் தென்கிழக்கேயுள்ள லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டதிலிருந்து, இம்மலைகளின் பொருளாதாரம் கொழுந்து பறிக்கும் விரல்களின் நடத்தையில் தங்கியுள்ளது. அந்நடத்தையை ஆளுவதற்குப் பிரட்டுக்களமும், கங்காணியும், நிறுவைத் தராசும், "பேர்" பதிவதும், அளவு குறைந்தால் "அரைப்பேர்" போடுவதும், அளவுக்கு மேற்பட்ட கிலோவுக்குத் தனிக்காசும் என விளைவுகளின் ஒரு முழு அமைப்பே உண்டு.

கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தங்கள் இதனை எண்களில் காட்டுகின்றன. 2013 ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி நாளொன்றுக்கு அடிப்படைச் சம்பளம் 450 ரூபா, வரவுக் கொடுப்பனவு 140 ரூபா, விலைப்பங்குக் கொடுப்பனவு 30 ரூபா. மொத்தம் 620 ரூபா. வரவுக் கொடுப்பனவு பெற, மாதத்தில் வழங்கப்பட்ட வேலைநாள்களில் 75 சதவீதமேனும் வேலைக்கு வந்திருத்தல் வேண்டும். 2016 இல் அடிப்படைச் சம்பளம் 500, வரவுக் கொடுப்பனவு 60, விலைப்பங்கு 30, உற்பத்தி ஊக்கக் கொடுப்பனவு 140 என மாறி, மொத்தம் 730 ரூபாவாயிற்று. 2019 இல் வரவு, உற்பத்தி ஆகிய இரண்டுக்குமான கொடுப்பனவுகள் நீக்கப்பட்டு, அடிப்படை 700, விலைப்பங்கு 50 என அமைந்தது.

சம்பளத்தின் மொத்தம் பற்றியே பொதுவாகப் பேசப்படும். நடத்தைப் பகுப்பாய்வு அதன் கட்டமைப்பை நோக்குகின்றது. 2013 இல் 140 ரூபா "வருதல்" என்ற நடத்தைக்குக் கட்டப்பட்டிருந்தது. 2016 இல் அதே தொகை "நிறை" என்ற விளைபொருளுக்குக் கட்டப்பட்டது. வருதல் ஓரளவுக்கேனும் தொழிலாளியின் கையில் உள்ளது. கொழுந்தின் நிறையோ மழையிலும், வரட்சியிலும், பசளையிலும், செடியின் வயதிலும் தங்கியுள்ளது. தம் கையில் இல்லாத ஒன்றுக்குப் பலனைக் கட்டினால் அது நடத்தையை வளர்க்காது. ஏக்கத்தையும் வெறுப்பையுமே வளர்க்கும்.

75 சதவீத எல்லையும் ஆராயத்தக்கது. மாதத்தில் 24 நாள் வேலை வழங்கப்பட்டதெனக் கொள்வோம். 18 நாள் வந்தவருக்குக் கொடுப்பனவு உண்டு. 17 நாள் வந்தவருக்கு இல்லை. 2013 ஆம் ஆண்டின் கணக்கில் அந்த ஒரு நாள், சம்பளத்தோடு முந்திய 17 நாள்களுக்குரிய 2,380 ரூபாவையும் கொண்டுபோயிற்று. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு ஏழு நாள் வீட்டில் நின்ற தாய்க்கு, எஞ்சிய நாள்களில் வருவதற்கான தனி ஊக்கம் எதுவும் மிஞ்சுவதில்லை. அந்நாள்களில் அவர் வராதிருப்பின் அவரைப் பொறுப்பற்றவர் என்போம். குணத்தில் நாம் கண்ட குறை உண்மையில் ஒப்பந்தத்தின் ஒரு வரியில் இருந்தது. மன்னனின் உணவு பருக்கை பருக்கையாகக் குறைந்ததை இங்கு ஒப்புநோக்குக. அங்கே ஒவ்வொரு சிறு முயற்சிக்கும் கணக்கு இருந்தது. இங்கே எல்லைக்கு ஒரு நாள் குறைந்த பதினேழு நாள் முயற்சிக்கும் கணக்கில்லை.

தராசடியிலும் இதுவே நிலை. ஈரத்துக்கும் சாக்குக்குமெனக் கிலோக்கள் கழிக்கப்படும்போது பறித்ததற்கும் பதிந்ததற்கும் இடையிலுள்ள தொடர்பு தளர்கின்றது. செயலுக்கும் விளைவுக்குமுள்ள தொடர்பு தெளிவாகவும் உடனடியாகவும் இருத்தல் வேண்டும் என்பது இத்துறையின் முதற்பாடம். நேர்மையான தராசு அறநெறி மட்டுமன்று. நடத்தையியலும் அதனையே வேண்டுகின்றது.

யாருக்காக மாற்றுகின்றோம்?

மன்னனின் உணவையும் கொழுந்து பறிப்போரின் விரல்களையும் ஆள்வது ஒரே விதியாயின், அவ்விரண்டும் ஒன்றா என்னும் வினா எழுகின்றது. இதற்கு விடை காண உதவுவது 1978 இல் வுல்வ் முன்வைத்த சமூக ஏற்புடைமை என்னும் கருத்து. ஒரு தலையீட்டை மூன்று இடங்களில் சோதிக்குமாறு அவர் கூறினார். குறிக்கோள் சமூகம் உண்மையில் வேண்டுவதா? முறை உரியவருக்கு ஏற்புடையதா? விளைவு அவருக்கு நிறைவளிப்பதா? பசேனதியின் கதையில் மூன்றுக்கும் விடை ஆம் என்பதே. திட்டத்தை ஏற்றவனும், ஓதுமாறு பணித்தவனும், முடிவில் நலம்பெற்று மகிழ்ந்தவனும் மன்னனே. தோட்டத்து ஒப்பந்தத்தில் குறிக்கோளை வகுத்தோர் வேறு. அதன்படி நடந்தோர் வேறு. விதி ஒன்றே, அதனைப் பிடித்திருக்கும் கை வேறு.

இவ்வினா மிகக் கூர்மையாக எழுவது ஓட்டிசம் உடைய பிள்ளைகள் விடயத்திலேயாம். 1987 இல் லோவாஸ் வெளியிட்ட ஆய்வு இத்துறைக்கு உலகப் புகழைத் தந்தது. வாரத்துக்கு ஏறத்தாழ 40 மணிநேரப் பயிற்சியை இரண்டு ஆண்டுக்கு மேலாகப் பெற்ற 19 பிள்ளைகளுள் 9 பேர் சாதாரண வகுப்பில் கற்கும் நிலையை எய்தியதாக அது கூறியது. பிள்ளைகள் குழுக்களாக எழுந்தமானமாகப் பிரிக்கப்படவில்லை என்பதும், உரத்த அதட்டலும் தொடையில் அடித்தலும் பயிற்சியில் இடம்பெற்றன என்பதும் அதன்மீது எழுந்த கண்டனங்கள். இப்பயிற்சியைப் பெற்று வளர்ந்த ஓட்டிசம் உடையோர் சிலர், கண்ணோடு கண் நோக்கச் செய்தலும் கைகளை அசைக்காதிருக்கச் செய்தலும் தமக்கு நலம் தரவில்லை, பிறர் கண்ணுக்கு இயல்பாகத் தோன்றவே பழக்கின என்று கூறியுள்ளனர். இக்குரல் வுல்வின் முதல் வினாவே. இத்துறை அதற்குச் செவிசாய்க்கக் கடமைப்பட்டுள்ளது. பசித்ததைச் சொல்லவும், வலித்ததைக் காட்டவும், வேண்டாததை மறுக்கவும் கற்பித்தல் பிள்ளைக்குப் பயன். எவருக்கும் தீங்கற்ற கையசைவை நிறுத்துதல் யாருக்குப் பயன்?

இலங்கையில் இத்தேவை சிறிதன்று. ஓர் அரைநகர்ப்புறச் சமூகத்தில் 18 முதல் 24 மாத வயதுப் பிள்ளைகள் 374 பேரிடையே ஹேமமாலி பெரேராவும் உடனாய்வாளரும் நடத்தி 2009 இல் வெளியிட்ட ஆய்வில் ஓட்டிசம் 93 பேருக்கு ஒருவர் என்ற வீதத்தில் காணப்பட்டது. சிறிய தொகையாதலின் இவ்வெண்ணை நாடு முழுவதற்கும் விரித்தல் பொருந்தாதெனினும், பிரச்சினை அரிதானதன்று என்பதை அது உணர்த்துகின்றது. வாரம் 40 மணிநேரம் பயிற்சியாளரை அமர்த்துதல் தெல்தோட்டையிலோ கலஹாவிலோ வாழும் குடும்பம் எதற்கும் எட்டாத ஒன்று. வீட்டில் பெற்றோர் வாயிலாக நடத்தப்படும் தொடக்ககாலப் பயிற்சி பற்றி அவ்வாய்வாளர் குழு 2016 இல் வெளியிட்ட ஆய்வு எமக்கு உகந்த திசையைக் காட்டுகின்றது. அத்திசையில் செல்வதற்குத் தமிழில் எழுதப்பட்ட எளிய கைநூல்களும், அவற்றைத் தோட்டத்துத் தாய்மாரோடு அமர்ந்து விளக்கவல்ல தமிழறிந்த பணியாளரும் முதற்தேவைகள். பல்கலைக்கழகத் தமிழ்ச் சமூகம் தன் கையிலெடுக்கத்தக்க பணி இது.

முடிவாக, ஒருவரின் நடத்தை எம்மை இடர்ப்படுத்தும்போது அவருக்குப் பெயர் சூட்டுமுன் நான்கு வினாக்களை எழுப்புதல் நன்று. முன்னர் நடந்தது என்ன? பின்னர் கிடைத்தது என்ன? எத்தனை தடவை என எண்ணினோமா? மாற்றவேண்டும் என விரும்புபவர் யார்? முதல் மூன்று வினாக்களுக்கும் விடைகாணும் வழியை இத்துறை செவ்வனே வகுத்துத் தந்துள்ளது. நான்காவதை எண்ணிக்கை தீர்க்காது. யாருடைய நடத்தை மாற்றப்படுகின்றதோ அவரையும் அருகில் இருத்திக் கேட்டே அதற்கு விடை காணல் வேண்டும்.